குஞ்சம் வைத்த தொப்பி

கண்ணாடிக்காரருக்கும் அவருடைய மச்சானுக்கும் சொத்துத் தகராறு கிடையாது, கொடுக்கல் வாங்கல் தகராறும் கிடையாது. அவர்களுக்குள் இருந்தது அளவுத் தகராறு. ஒரு பிளாஸ்டிக் சிப்பாய் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதில் வளர்ந்த ஆண்கள் இருவர் மழைக்காலம் முழுக்க முட்டிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக்காரர் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். வாரமெல்லாம் ஒருவர் லென்ஸ் தேய்ப்பார், இன்னொருவர் கட்டிடம் கட்டிடமாக இரும்புக் கயிற்றுக்கு கிரீஸ் தடவுவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவரும் தளபதிகள். நெப்போலியன் காலத்துப் போர்களை மேஜைமேல் நடத்திப் பார்ப்பது அவர்களுடைய பித்து. பச்சைத் துணி விரித்து, தெர்மகோலில் குன்று செய்து, தாயக்கட்டை உருட்டி, டேப் வைத்து அளந்து படைகளை நகர்த்துவார்கள். இத்தனை நாளும் சிப்பாய்கள், இதே பித்துப் பிடித்தவர்கள் கூடும் மன்றத்து நண்பர் ஒருவருடையவை. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது படையையும் பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். இனி சொந்தமாகப் படை திரட்ட வேண்டும். திரட்டுவதற்கு முன் அளவை முடிவு செய்தாக வேண்டும். ஏனென்றால் சிப்பாய் எந்த அளவோ, குதிரையும் பீரங்கியும் வீடும் மரமும் அதே அளவில்தான் வாங்க முடியும். தப்பாக ஆரம்பித்தால் கடைசிவரை தப்புதான்.

கண்ணாடிக்காரர் எழுபத்திரண்டில் ஒன்று என்ற சின்ன அளவின் கட்சி. சிப்பாய் சுண்டுவிரலில் பாதிகூட இருக்க மாட்டான். ஆனால் கை, கால், தலை எல்லாம் நிஜ மனிதனின் விகிதத்தில் இருக்கும். "படைன்னா படை மாதிரி தெரியணும் மச்சான். ஒரு மேஜைக்குள்ள ஒரு சேனையே நிக்கும்" என்பார்.

மச்சான் இருபத்தெட்டு மில்லிமீட்டர் கட்சி. "என் விரலப் பாருங்க அத்தான். இத வச்சுக்கிட்டு உங்க எறும்புக்கு நான் எப்படிப் பொத்தான் வரையறது? என் ஆளுங்களுக்கு முகம் இருக்கு. மீசை இருக்கு."

"மீசை இருக்குடா. தலைதான் பூசணிக்கா சைஸ்ல இருக்கு."

பேசிப் பேசி வாய் வலித்த பிறகு, மாதிரிக்கு ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டி வாங்கிப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. சின்ன அளவில் இரண்டு வகை: வளைத்தால் வளையும் மெத்துப் பிளாஸ்டிக்கில் முழு ஆளாக வார்த்தது ஒன்று; கெட்டிப் பிளாஸ்டிக்கில் தலை தனி, உடம்பு தனியாக வருவது இன்னொன்று. பெரிய அளவில் ஒரு பெட்டி. அதில் தலை, கை, துப்பாக்கி, முதுகுப்பை எல்லாமே தனித்தனியாகச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும்.

அந்த ஞாயிறு மதியம் மச்சான் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அன்று அவளுக்கு டியூட்டி. குழந்தையை எல்லோரும் சுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போதுதான் நர்சரிக்குப் போக ஆரம்பித்திருந்த வயது, வாய் ஓயாத வயது. வந்ததும் மேஜைக்கு அடியில் புகுந்து, அதுதான் தன் பேருந்து என்று அறிவித்துவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்காரரின் மனைவி உள்ளறையில் தையல் மெஷினில் இருந்தாள். யாரோ ஒரு மணப்பெண்ணின் ஜாக்கெட் அவசரமாக முடிய வேண்டியிருந்தது. "பாத்துக்குங்கப்பா பிள்ளையை" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு மறுபடி மெஷினை மிதித்தாள்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆரம்பத்தில். பிறகு முகங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஆளுக்கொரு சட்டத்தில் இருந்து சில தலைகளை வெட்டி ஒரு சாஸரில் போட்டார்கள். கெட்டிப் பிளாஸ்டிக் வெட்டும்போது 'டக்' என்று ஓசை வரும். அந்த ஓசை இருவருக்கும் உற்சாகத்தைக் கிளப்பியது. கண்ணாடிக்காரர் கடையிலிருந்து கொண்டு வந்த உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, "இதப் பாரு, இவன் மூக்க விட மீசை பெருசு" என்றார். மச்சான் அதற்கு ஏதோ சொன்னான். இவர் திருப்பிச் சொன்னார். பச்சைத் துணியை விரித்து எந்த அளவு எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று சவால் வந்தது. மேஜையைக் காலி செய்தார்கள். சாஸர் பக்கத்து ஸ்டூலுக்குப் போனது. யார் கையால் போனது என்று பிறகு இருவராலும் சொல்ல முடியவில்லை.

ஹாரன் ஓசை நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

முதலில் கேட்டது இருமல்கூட இல்லை. ஈரத் துணியை யாரோ முறுக்குவது போன்ற ஒரு சத்தம். கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். குழந்தை முழங்காலிட்டு இருந்தாள். வாய் திறந்திருந்தது, அழுகை வரவில்லை. உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

மச்சான் மேஜையோடு சேர்த்து இழுக்காத குறையாக அவளை வெளியே இழுத்தான். தொடைமேல் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஓங்கித் தட்டினான். மறுபடி தட்டினான். உள்ளிருந்து தையல்காரி ஓடி வந்தாள். இன்னொரு அடி. குழந்தை 'ஹக்' என்று இருமி, மூச்சை இழுத்து, வீடே அதிரும்படி அலறினாள்.

அந்த அலறலைப் போல இனிமையான சத்தத்தை அவர்கள் கேட்டதே இல்லை. மச்சான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். சற்று நேரத்தில் அழுகை அடங்கி, தண்ணீர் குடித்து, மூக்கை அப்பன் சட்டையில் துடைத்து, "இறக்கி விடு" என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

"எச்சில் புரையேறிடுச்சு. அவ்வளவுதான்" என்றான் மச்சான்.

கண்ணாடிக்காரர் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாஸர் கவிழ்ந்திருந்தது. தலைகள் தரையில் சிதறிக் கிடந்தன.

"மச்சான், எதையாவது வாயில போட்டிருப்பா."

"போட்டிருந்தா வெளிய வந்திருக்கும். வயித்துக்குள்ள போயிருந்தா நாளைக்கு வந்துட்டுப் போகுது. சிரிக்கிறா பாருங்க."

சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் சிரித்து முடித்து மூச்சு விடும்போது மெல்லிய விசில் ஒன்று கேட்டது. கண்ணாடிக்காரர் மண்டியிட்டு அவள் முதுகில் காதை வைத்தார். இடப்பக்கம் காற்று புஸ் புஸ் என்று போய் வந்தது. வலப்பக்கம் கதவைச் சாத்திய அறை மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"அத்தான், நீங்க வேற. சும்மா கிடக்கிற பிள்ளையத் தூக்கிட்டுப் போய், ஊசியக் குத்தி... அவ அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட விடுவாளா?"

"தெரியாம இருக்கணும்னு பாக்கிறியா, பிள்ளை நல்லா இருக்கணும்னு பாக்கிறியா?"

"நான் அவ அப்பன். எனக்குத் தெரியாதா?" மச்சானின் குரல் உயர்ந்தது. இத்தனை வருட உறவில் அவன் அத்தானிடம் அந்தத் தொனியில் பேசியதில்லை.

தையல்காரி இடையில் வந்து நின்றாள். தம்பியின் கையிலிருந்து குழந்தையை வாங்கினாள். அவளும் முதுகில் காதை வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"டேய், வண்டிய எடுடா. உன் பொண்டாட்டிக்கு நான் போன் பண்றேன்."

அவள் வீட்டில் இருந்துகொள்ள, ஆண்கள் இருவரும் குழந்தையோடு கிளம்பினார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மங்கலான திரையில் சுண்டுவின் சின்னஞ்சிறு விலா எலும்புகள் மீன்முள் மாதிரி வரிசையாகத் தெரிந்தன. வேறு ஒன்றும் தெரியவில்லை. தலையும் இல்லை, தொப்பியும் இல்லை.

"பாத்தீங்களா!" என்று மச்சான் பெருமூச்சு விட்டான். "ஒண்ணும் இல்ல."

நுரையீரல் டாக்டரம்மா நரைமுடியை இறுக்கக் கட்டிய, குரலை உயர்த்தாத பெண்மணி. ஸ்டெதஸ்கோப்பைக் குழந்தையின் முதுகில் நகர்த்தி நகர்த்தி வெகுநேரம் கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

"பிளாஸ்டிக் எக்ஸ்ரேல தெரியாது சார். ஆனா இங்க பாருங்க. இது மூச்சை வெளிய விட்டப்போ எடுத்தது. இடது பக்கம் சுருங்கியிருக்கு. வலது பக்கம் ஊதுன பலூன் மாதிரி அப்படியே நிக்குது. காத்து உள்ள போகுது, திரும்பி வர வழியில்ல. ஏதோ ஒண்ணு குழாய்ல உக்காந்திருக்கு."

மச்சான் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"மயக்கம் குடுத்து, வாய் வழியா குழாய் விட்டு எடுத்திடலாம். சாப்பிட்டிருக்கா, அதனால கொஞ்சம் பொறுத்துதான் மயக்கம் குடுக்கணும். மூச்சு மோசமானா பொறுக்க மாட்டோம். அதுக்குள்ள எனக்கு ஒண்ணு தெரியணும். உள்ள போனது என்ன?"

"சிப்பாயோட தலை டாக்டர். சின்னது. மிருதுவான பிளாஸ்டிக்" என்றார் கண்ணாடிக்காரர்.

"எல்லாம் இவரோட எறும்பு சைஸ்தான்!" மச்சானுக்கு அடக்க முடியவில்லை. "பெருசு வாங்குவோம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். அது தொண்டைக்குள்ள போயிருக்குமா?"

தன்னுடைய சிப்பாய்தான் என்று கண்ணாடிக்காரரும் நம்பினார். சின்னதுதானே உள்ளே போகும்.

டாக்டரம்மா அவரையே பார்த்தார். "அது மிருதுன்னு உங்களுக்குத் தெரியுமா, நினைக்கிறீங்களா?"

"...மூணு வகை இருந்துச்சு டாக்டர். ஒண்ணு தலை தனியா வராது. மத்த ரெண்டும் கெட்டி." சொல்லச் சொல்லத் தன் வார்த்தை தனக்கே உதவாமல் போவதை உணர்ந்தார். வெட்டிப் போட்ட தலைகள் எல்லாமே கெட்டிப் பிளாஸ்டிக். பதற்றத்தில் மிருது என்று ஏன் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

"அதே மாதிரி இன்னொண்ணு இருந்தா கொண்டு வாங்க. உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய வச்சு எந்த இடுக்கி பிடிக்குதுன்னு நான் பாத்துக்கணும். குழாய்க்குள்ள பிடி நழுவினா அது இன்னும் கீழ போகும். இல்லன்னா ஏறி வர்ற வழியில மாட்டி, நல்லா இருக்கிற பக்கத்தையும் அடைச்சிடும். சரியானதக் கொண்டு வாங்க. தப்பானதக் கொண்டு வர்றதுக்கு, வராமலே இருக்கலாம்."

கண்ணாடிக்காரர் வெளியே ஓடியபோது வாசலில் மச்சானின் மனைவி எதிரே வந்தாள். ஓட்டுநர் சீருடையிலேயே வந்திருந்தாள். பாதி வழியில் வேறு ஓட்டுநரிடம் பேருந்தை ஒப்படைத்திருக்கிறாள். அவள் கத்தவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

"அண்ணா, எங்க போறீங்க?"

"உள்ள போனது எதுன்னு பாத்து எடுத்துட்டு வரச் சொன்னாங்கம்மா."

"அதுவே தெரியலயா?" என்றாள். அவ்வளவுதான். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் கண்ணாடிக்காரர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். கூடம் பளிச்சென்று இருந்தது. மேஜை துடைத்திருந்தது. பச்சைத் துணி மடித்திருந்தது. தரையில் ஒரு தூசி இல்லை.

"எங்க எல்லாம்?"

"குப்பையில." மனைவி துடைப்பத்தோடு நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. "அந்தச் சனியன் ஒண்ணுகூட இந்த வீட்ல இருக்கக் கூடாதுன்னு மூட்டையாக் கட்டிப் பின்னால தொட்டியில போட்டுட்டேன். நான் ஊசி வச்சுப் பிழைக்கிறவ. ஒரு ஊசி கீழ விழுந்தா எடுக்காம எந்திரிச்சிருக்கேனா? நீங்க தலைய வெட்டி வெட்டித் தட்டுல போட்டு விளையாடுறீங்க!"

"எது காணோம்னு தெரிஞ்சாத்தான் எடுக்க முடியும்ங்கறாங்க."

துடைப்பம் அவள் கையிலிருந்து நழுவியது. அடுத்த கணம் அவருக்கு முன்னால் அவள்தான் படியிறங்கி ஓடினாள்.

தொட்டியில் அவள் போட்ட மூட்டைமேல் வேறு வீட்டுக் குப்பை விழுந்திருந்தது. அழுகிய தோல்களை ஒதுக்கித் தோண்டி எடுத்தார்கள். மூட்டையைக் கூடத்தில் விரித்த வெள்ளைப் படுக்கை விரிப்பில் கொட்டினார்கள். டீத்தூள், நூல் துண்டு, துணிக் கத்தரிப்பு, அவற்றுக்கிடையில் ஒரு சேனை. கையில்லாத உடம்பு, குதிரை, துப்பாக்கி, உடைந்த சட்டம், பொட்டுப் பொட்டாகத் தலைகள். உண்மையான போர் முடிந்த மைதானம் இப்படித்தான் இருந்திருக்கும் என்ற நினைப்பில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுதுக்கிட்டு இருக்காதீங்க. எப்படிப் பாக்கறது, சொல்லுங்க."

அவர் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டார். "சட்டத்துல ஒவ்வொரு துண்டும் எங்க இருந்துச்சோ அங்க வெட்டின அடையாளம் இருக்கும். அந்த முனையில எது பொருந்துதோ அத வச்சுட்டே வரணும். எந்த முனைக்கு ஆள் இல்லையோ, அதுதான்."

பித்தான் பொருத்துவதும் கிழிசல் சேர்ப்பதும் அவள் தொழில். தலைகளைப் பொறுக்கி, டீத்தூள் துடைத்து, விரலில் உருட்டி அளவு பிரித்து அவள் கொடுக்கக் கொடுக்க, அவர் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தார். முதலில் சின்ன அளவு. ஒன்று பொருந்தியது. அடுத்தது பொருந்தியது. ஒவ்வொன்றும் பொருந்தப் பொருந்த அவருக்கு நிம்மதிக்குப் பதில் பயம்தான் ஏறியது. சின்ன அளவில் எல்லாத் தலையும் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்படியானால் பெரிய அளவு. மச்சானுடைய பெட்டி.

அந்தச் சட்டத்தில் தலை வெட்டிய இடம் இரண்டு. ஒன்று, உறை போட்ட தொப்பி வைத்த தலை. அது மூட்டையின் அடியில் ஈரக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு கிடைத்தது. மற்றது குஞ்சம் வைத்த தொப்பி. உயரமான தொப்பி, அதன் உச்சியில் நீட்டிக்கொண்டு ஒரு குஞ்சம். அது இல்லை.

"அதுதான்" என்றாள் மனைவி.

"இரு. எங்கயாவது உருண்டு கிடந்தா? அது அலமாரிக்கு அடியில கிடந்து, உள்ள போனது வேற ஏதோ கையோ துப்பாக்கியோன்னா? தப்பானதக் கொண்டு போறதுக்கு வராமலே இருன்னாங்க."

இருவரும் சேர்ந்து அலமாரியை இழுத்தார்கள். தையல் மெஷினைப் புரட்டினார்கள். அவள் துடைப்பத்தின் ஈர்க்குகளைக்கூடப் பிரித்துப் பார்த்தாள். போன் அடித்தது. மச்சான்.

"அத்தான், ஆக்சிஜன் இறங்குதாம். மாஸ்க் வச்சிருக்காங்க. இனிமே பொறுக்க முடியாதாம், உள்ள கொண்டு போறாங்க. அத்தான், எங்க இருக்கீங்க?" அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"வந்துட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு அவர் மேஜைக்கு அடியில் படுத்தார், குழந்தை உட்கார்ந்திருந்த அதே இடத்தில். துடைப்பம் எட்டாத ஒரு மூலை இருந்தது, மேஜைக்காலும் சுவரும் சேருமிடம். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு. நகத்தால் நெம்பி எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தார். குஞ்சத்தின் நுனி. ஓரத்தில் அரிசிப் பல் கடித்த தடம் தெளிவாகப் பதிந்திருந்தது.

"கடிச்சிருக்கா. நுனி இங்க இருக்கு, மிச்சம் உள்ள இருக்கு."

மூட்டைக்குள் கிடந்த பெட்டியில் வெட்டாத சட்டம் ஒன்று மிச்சம் இருந்தது. அதில் அதே அச்சில் அதே தலை. அதை வெட்டி எடுத்து, நுனித் துணுக்கைப் பக்கத்தில் வைத்து, எந்த இடத்தில் உடைந்ததோ அதே இடத்தில் குஞ்சத்தைக் கடித்தார். கத்தியால் வெட்டினால் முனை சீராக இருக்கும், பல்லால் கடித்தால்தான் அதே மாதிரி உடையும் என்று அந்த நேரத்தில் அவருக்கு எப்படித் தோன்றியதோ. மனைவி தன் ஊசி டப்பாவைத் தட்டிக் கவிழ்த்து, அதற்குள் அந்தத் தலையை வைத்து மூடினாள். வழி முழுக்க டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா பச்சை உடுப்பும் முகமூடியுமாக ஆபரேஷன் அறை வாசலுக்கு வந்தார். டப்பாவைத் திறந்து தலையை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார்.

"நிச்சயமா?"

"நிச்சயம் டாக்டர். நுனி வீட்ல கிடைச்சது. இதே இடத்துல உடைஞ்சிருக்கு. இது கெட்டி. அழுத்தினா வளையாது, நொறுங்கும்."

நர்ஸ் நீளமான இடுக்கிகளைத் தட்டில் கொண்டு வந்தாள். முதல் இடுக்கி தொப்பியைக் கவ்வியது. இழுத்ததும் வழுக்கிக்கொண்டு போயிற்று. தலை தரையில் விழாமல் டாக்டரம்மா ஏந்திக்கொண்டார். மச்சானின் மனைவி ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது இடுக்கியும் வழுக்கியது. மூன்றாவது வேறு மாதிரி, நுனியில் சின்னப் பற்கள் வைத்தது. டாக்டரம்மா தலையைத் திருப்பி, தொப்பி விளிம்புக்குக் கீழே, தாடைப் பட்டைக்குப் பக்கத்தில் கொடுத்துப் பிடித்தார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"இங்க பிடிக்கணும். உடைஞ்ச முனை மேல பாத்து இருந்தா, திருப்பிட்டுத்தான் இழுக்கணும், இல்லன்னா கீறிடும்." யாருக்கோ சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது.

அப்போதுதான் மச்சான் பேசினான். டப்பாவில் இருந்ததை அவனும் பார்த்திருந்தான். "அது என்னோடது. குஞ்சம் வச்சது எனக்குப் பிடிக்கும்னு நான்தான் வெட்டினேன்."

அவன் மனைவி திரும்பி அவனைப் பார்த்தாள்.

"நான் இவ்வளவு நேரம் அத்தானத் திட்டிட்டு இருந்தேன்" என்றான்.

"தட்டை ஸ்டூல்ல வச்சது யாருன்னு ரெண்டு பேருக்கும் தெரியாதும்மா. நானாத்தான் இருக்கும்" என்றார் கண்ணாடிக்காரர்.

"இப்ப வேண்டாம். ரெண்டு பேரும் பேசாம இருங்க" என்றாள் அவள்.

தையல்காரி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஏதோ கருவி கூவியது, நின்றது, மறுபடி கூவியது. ஒரு நர்ஸ் அவசரமாக உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. மச்சான் கதவருகில் போய் நின்றான். அவனுக்கு எதைச் சரிபார்ப்பது என்று தெரியவில்லை; நீண்ட நேரமாகக் கதவின் கீல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தபோது டாக்டரம்மாவின் முகமூடி கழுத்தில் தொங்கியது. கையில் சின்ன மருந்துச் சீசா. அதற்குள் குஞ்சம் உடைந்த ஒரு தலை, சளியும் ஒரு துளி ரத்தமுமாக.

"வந்துடுச்சு. முனை மேல பாத்துத்தான் இருந்தது. திருப்பி எடுத்தேன். ரெண்டு பக்கமும் காத்து நல்லா போகுது. தொண்டை கரகரன்னு இருக்கும், ரெண்டு நாள் இங்க இருக்கட்டும்."

பேருந்து ஓட்டுகிறவள் அதுவரை அழாதவள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். யாரும் அவளைத் தூக்க முயலவில்லை.

குழந்தை தேறிவிட்டாள். கரகரத்த குரலில் வார்டு முழுவதற்கும் ஹாரன் அடித்ததாக நர்ஸ்கள் புகார் சொல்லும் அளவுக்குத் தேறினாள். பெரியவர்கள் தேறத்தான் நாளாயிற்று. மச்சானின் மனைவி அந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினாள். தையல்காரியிடம் போனில் பேசுவாள், கண்ணாடிக்காரரை விசாரிக்க மாட்டாள். மச்சானும் வரவில்லை. கண்ணாடிக்காரர் மிச்சமிருந்த பெட்டிகளை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, துடைத்த லென்ஸையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மதியம் கடை வாசலில் பேருந்து சீருடை தெரிந்தது. அவள்தான். உள்ளே வந்து, டாய்லெட் பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழல் ஒன்றை மேஜைமேல் நிறுத்தி வைத்தாள்.

"அண்ணா, டாக்டர் சொன்னாங்க. இந்த ஓட்டைக்குள்ள விழுறது எதுவா இருந்தாலும் அவ வயசுப் பிள்ளைக்கு ஆபத்தாம். இதுக்குள்ள விழாத சைஸ்ல உங்க ஆளுங்க கிடைப்பாங்களா?"

அவர் குழலை அவள் பக்கமே நகர்த்தி வைத்தார். "விளையாட்டே வேண்டாம்னு சொல்லிடும்மா. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"சொல்லலாம். ஞாயித்துக்கிழமை ஆனா அவரு சுவத்தப் பாத்து உக்காந்திருக்காரு. உங்க மேல கோவம் இன்னும் போகல. அவர் மேலயும் போகல. ஆனா அத வேற பாத்துட்டு இருக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஐம்பத்துநான்கு மில்லிமீட்டர் என்று ஓர் அளவு உண்டு. சிப்பாய் உள்ளங்கையை நிறைப்பான். தொப்பி, துப்பாக்கி எல்லாம் சேர்த்து ஒரே வார்ப்பு. பிய்ந்து வர ஒன்றுமில்லை. இருவருமே இதுவரை அதைக் குழந்தைப் பொம்மை என்று கேலி பேசியவர்கள்தான். அந்த அளவில் பெரும்போர் எதையும் மேஜையில் நடத்த முடியாது. ஒரு பாலம், ஒரு பண்ணை வீடு, அதைப் பிடிக்க வரும் ஒரு சிறு கூட்டம், அவ்வளவுதான் கொள்ளும். மச்சான் ஒவ்வொரு சிப்பாயின் காலடியிலும் குழலைவிட அகலமான மரவில்லை ஒன்றை அறுத்து ஒட்டினான். கண்ணாடிக்காரர் விதிகளைத் திருத்தி எழுதினார். நிறத்தில் சண்டை வந்தது, சட்டை நீலமா கருநீலமா என்று. அந்தச் சண்டை சீக்கிரம் முடிந்துவிட்டது. இருவருக்குமே கத்துவதில் முன்பிருந்த ருசி இல்லை.

முதல் ஆட்டத்தன்று சுண்டு உள்ளறையில் அத்தையின் மடியில் தூங்கினாள். அவள் அம்மா கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிப்பாய்களை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைக் குழலின் வாயில் வைத்துப் பார்த்தாள். எதுவும் விழவில்லை. கடைசியாக ஒரு குதிரை வீரனைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையை உற்றுப் பார்த்தாள்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லயே. இவன ஏன் இங்க சும்மா நிறுத்தி வச்சிருக்கீங்க?"

கண்ணாடிக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் அவரைப் பார்த்தான். இருவருமே அதைக் கவனித்திருக்கவில்லை.

"நீயே நகர்த்தும்மா" என்று தாயக்கட்டையை அவள் பக்கம் தள்ளினார்.